இடக்கைக்கு எது வசம்? ஃபோட்டோஷாப், கிம்ப், கோரல் டிரா, இங்க்ஸ்கேப்: காரைக்குடி மேசையிலிருந்து ஒரு குறுக்குவிசை அலசல்

ஃபோட்டோஷாப் உயர்ந்ததா, கோரல் டிரா உயர்ந்ததா என்ற பேச்சு காரைக்குடியின் அச்சகங்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் ஓய்வதே இல்லை. விலை, வசதி, கோப்பு வகை எல்லாவற்றையும் எடைபோடுகிறார்கள். நாள் முழுவதும் திரை முன் உட்காருபவருக்கு அவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: வலக்கை மவுஸைப் பிடித்திருக்கும்போது இடக்கை என்ன செய்கிறது? தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா அழைப்பிதழ், குடமுழுக்கு பிளெக்ஸ், பாட்டனாரின் பழைய படம் எல்லாம் ஒரே மாலையில் வந்து சேரும். ஒவ்வொரு கட்டளைக்கும் மெனுவைத் திறந்து தேடுபவர் அன்று இரவு கடையிலேயே இருப்பார். விசை தெரிந்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பார். எனவே இந்த ஒப்பீட்டில் விசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படவேலைக்கு ஃபோட்டோஷாப்பும் கிம்ப்பும். வெக்டர் வேலைக்கு, அதாவது கோடுகளாலும் வடிவங்களாலும் வரைவதற்கு, கோரல் டிராவும் இங்க்ஸ்கேப்பும். இல்லஸ்ட்ரேட்டரும், உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீயும் தேவைப்படும் இடத்தில் வரும். எல்லாம் விண்டோஸ் கணினிக்கான விசைகள். எழுத்துகளை இப்படிப் படித்துக்கொள்ளுங்கள்: கீபோர்டின் நடுவரிசையில் எஸ்ஸுக்கு அடுத்திருப்பது ‘டி’; மேல்வரிசையில் ஆருக்கு அடுத்திருப்பது ‘டீ’. ‘பி’ இரண்டு இருப்பதால் மேல்வரிசை பி, கீழ்வரிசை பி என்று பிரித்து எழுதுகிறேன்.

ஒரே விசை, வேறு வேறு வேலை

கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். ஃபோட்டோஷாப்பில் செலக்‌ஷன் கலையும். கிம்ப்பில் முழுப் படமும் இன்னொரு நகலாகத் திறக்கும். கோரல் டிராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் தேர்ந்தெடுத்த பொருள் இரட்டிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கடைசியாகச் செய்த நகர்த்தலோ சுழற்றலோ மறுபடியும் நடக்கும். நம் ஊர்க் கடைகளில் ஒருவரே காலையில் கோரல் டிராவிலும் மாலையில் ஃபோட்டோஷாப்பிலும் உட்காருகிறார். விரல் பழகிய பழக்கம் மென்பொருள் மாறியதைக் கவனிப்பதில்லை.

கண்ட்ரோல் + டி எங்கே அழுத்தினாலும் பெரிய கேடு வராது. கண்ட்ரோல் + இ அப்படியில்லை. கோரல் டிராவில் அது ஏற்றுமதிக்கான விசை. கோப்பை ஜேபெக்காக மாற்றி வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும்முன் எல்லோரும் அழுத்துவது. ஃபோட்டோஷாப்பில் அதே விசை, தேர்ந்தெடுத்த லேயரை (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித் தாள்) கீழே உள்ள லேயரோடு ஒட்டிவிடும். எந்தக் கேள்வியும் கேட்காது. திரையில் பார்வைக்கு மாற்றமும் தெரியாது. பெயர்கள் இருந்த எழுத்து லேயர் பின்னணிப் படத்தோடு கலந்து, திருத்த முடியாத புள்ளிகளாகிவிடும். அப்படியே சேமித்து மூடிவிட்டால், மறுநாள் “மாமன் பெயர் விட்டுப்போயிற்று” என்று அவர்கள் வரும்போது முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். இரண்டு மென்பொருளும் புழங்கும் கடைகளில் இந்த ஒரு விசையை மட்டுமாவது சுவரில் எழுதி ஒட்டச் சொல்வேன்.

கண்ட்ரோல் + க்யூவும் அதே வகை. கோரல் டிராவில் அது எழுத்தைக் கர்வ் ஆக்கும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடாக மாற்றும். அச்சகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டியது. ஃபோட்டோஷாப், கிம்ப், இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் நான்கிலும் அது மென்பொருளை மூடும் கட்டளை. சேமிக்காத வேலை இருந்தால் ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் என்பதால் பெரிய இழப்பு இல்லை. சேமித்திருந்தால் சொல்லாமல் மூடிக்கொள்ளும். பழைய கணினியில் ஃபோட்டோஷாப் மறுபடி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கண்ட்ரோல் + ஜே ஃபோட்டோஷாப்பில் லேயரை நகலெடுக்கும். கோரல் டிராவில் அமைப்புப் பலகையைத் திறக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு முனைகளை இணைக்கும். அன்றாடம் தேவைப்படும் நான்கு வேலைகளை மட்டும் ஒரே பார்வையில் தருகிறேன்:

| வேலை | ஃபோட்டோஷாப் | கிம்ப் | கோரல் டிரா | இங்க்ஸ்கேப் |
|---|---|---|---|---|
| நகல் எடுக்க | கண்ட்ரோல் + ஜே | கண்ட்ரோல் + ஷிப்ட் + டி | கண்ட்ரோல் + டி | கண்ட்ரோல் + டி |
| தேர்வை நீக்க | கண்ட்ரோல் + டி | கண்ட்ரோல் + ஷிப்ட் + ஏ | எஸ்கேப் | எஸ்கேப் |
| முழுப் பக்கமும் திரையில் தெரிய | கண்ட்ரோல் + 0 | கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜே | ஷிப்ட் + எஃப்4 | 5 |
| ஏற்றுமதி செய்ய | கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + டபிள்யூ | கண்ட்ரோல் + ஷிப்ட் + இ | கண்ட்ரோல் + இ | கண்ட்ரோல் + ஷிப்ட் + இ |

கடைசி வரிசையில் கிம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால் அதன் சொந்தக் கோப்பு வகையில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதிதான் வழி. புதிதாக வருபவர்கள் “சேமித்தேன், ஆனால் போனில் திறக்கவில்லை” என்று சொல்வது இதனால்தான். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. லேயர்கள் உள்ள மூலக் கோப்பு கைதவறிப் போகாமல் அது காப்பாற்றுகிறது.

சுவரில் மாட்டிய படங்களுக்கு: ஃபோட்டோஷாப்பா, கிம்ப்பா?

செட்டிநாட்டில் படவேலை என்றால் பாதி வேலை பழைய படங்களைச் சீர்செய்வது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளில் முகப்பிலும் வளவிலும் பெரியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போனவர்கள் அங்கே ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டவையும் அவற்றில் உண்டு. சட்டத்துக்குள் ஈரம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், பூச்சி அரித்த புள்ளிகள் இருக்கும், மஞ்சள் படிந்திருக்கும். இந்த வேலையில் இரு மென்பொருள்களின் விசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

ஃபோட்டோஷாப்பில் ஸ்கேன் செய்த படத்தைத் திறந்ததும் கண்ட்ரோல் + ஜே. மூலப் படம் அடியில் பத்திரமாகிவிடும். கண்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தி ஒரு வெற்று லேயர். ஜே அழுத்தினால் கறையைச் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் பிரஷ், எஸ் அழுத்தினால் ஓரிடத்தை அப்படியே இன்னோரிடத்தில் படியெடுக்கும் குளோன் ஸ்டாம்ப். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நல்ல தோல் இருக்கும் இடத்தில் ஒரு சொடுக்கு, பிறகு புள்ளியின் மேல் பூச்சு. ‘எல்லா லேயர்களிலிருந்தும்’ மாதிரி எடுக்கும்படி மேலே உள்ள அமைப்பை மாற்றிவிட்டால், செய்த திருத்தம் முழுவதும் அந்த வெற்று லேயரிலேயே விழும். பிடிக்காவிட்டால் அதை மட்டும் அழிக்கலாம். இது வெறும் நேர்த்திக்காக இல்லை. படத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் ஆச்சிமார் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்: “தம்பி, ஐயா கன்னத்து மச்சம் அப்படியே இருக்கட்டும், அதை எடுத்துவிடாதே.” மச்சத்துக்கும் பூச்சிப்புள்ளிக்கும் ஹீலிங் பிரஷ் வேறுபாடு பார்க்காது. நெற்றியின் திருநீற்றுக் கீற்றையும் அது கறையென்றே எடுத்துக்கொள்ளும். தனி லேயரில் வேலை செய்தவர் அழிப்பானால் இரண்டு இழுப்பில் மச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.

பிரஷ் அளவுக்குச் சதுர அடைப்புக்குறிகள்: இடது அடைப்பு சிறிதாக்கும், வலது அடைப்பு பெரிதாக்கும். எல்லாப் பட்டியல்களிலும் இது முதலிடத்தில் இருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விசைகள் கீபோர்டின் வலக்கோடியில் இருக்கின்றன. அவற்றைத் தொட வலக்கை மவுஸை விட வேண்டும், அல்லது இடக்கை கீபோர்டு முழுவதும் தாண்டிப் போக வேண்டும். மாறாக, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் அளவு மாறும். மேலும் கீழும் இழுத்தால் விளிம்பின் மென்மை மாறும். கை எதுவும் நகர வேண்டியதில்லை.

இன்னொரு அருமையான வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கருவியின் எழுத்தைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால், பிடித்திருக்கும்வரை மட்டும் அந்தக் கருவி. விட்டதும் பழைய கருவிக்கே திரும்பிவிடும். ஹீலிங்கில் வேலை செய்துகொண்டே கண்ணோரத்தில் மட்டும் எஸ்ஸைப் பிடித்து குளோன் செய்துவிட்டுத் திரும்பலாம். கண் இமை, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, காதுக் கடுக்கன் போன்ற கூர்மையான விளிம்புகளில் ஹீலிங் பிரஷ் குழப்பிவிடும். அங்கெல்லாம் குளோன்தான் சரி. ஸ்பேஸ் பாரைப் பிடித்தால் படத்தை நகர்த்தும் கை. கண்ட்ரோல் + ஸ்பேஸ் பிடித்தால் பெரிதாக்கும் கண்ணாடி. திருத்தம் முடிந்ததும் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + இ. தெரியும் எல்லாவற்றையும் சேர்த்து மேலே புதிய லேயராகத் தரும், அடியில் உள்ளவை அப்படியே இருக்கும். மஞ்சளை எடுக்க கண்ட்ரோல் + ஷிப்ட் + யூ. வெளுத்த படத்துக்கு உயிர் கொடுக்கக் கண்ட்ரோல் + எம் அழுத்திக் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிழலையும் சரிசெய்யும் பலகை; எழுத்தைக் கர்வ் ஆக்குவது வேறு). விளைவு அதிகமாகத் தோன்றினால் வி அழுத்தி நகர்த்தும் கருவிக்கு வந்து எண் 6 அழுத்தினால் அந்த லேயரின் அடர்த்தி 60 விழுக்காடாகும். 0 அழுத்தினால் நூறு.

கிம்ப்பில் இதே வேலை: எச் ஹீலிங், சி குளோன். மாதிரி எடுக்க ஆல்ட்டுக்குப் பதில் கண்ட்ரோல். ஷிப்ட் + இ அழிப்பான். ஸ்பேஸைப் பிடித்து மவுஸை அசைத்தாலே படம் நகரும், பொத்தானை அழுத்தவும் வேண்டாம். இந்த ஒரு இடத்தில் கிம்ப் முந்துகிறது. எண் விசைகளில்தான் ஃபோட்டோஷாப்காரர் தடுக்கி விழுவார். இங்கே 1 முதல் 5 வரை திரையின் உருப்பெருக்கம். அடர்த்தியைப் பாதியாக்க நினைத்து 5 தட்டினால் படம் 1600 விழுக்காட்டுக்குப் பெரிதாகித் திரையில் சாம்பல் கட்டங்கள் மட்டும் தெரியும். பயப்பட வேண்டாம், கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜே அழுத்தினால் படம் திரும்பி வரும்.

கிம்ப்பின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. கர்வ்ஸுக்கும் லெவல்ஸுக்கும் அதில் இயல்பான விசையே கிடையாது. பழைய படத்தில் அடிக்கடி தேவைப்படுவது அவைதான். இதற்கு இரண்டு வழிகள். சாய்கோட்டு விசையைத் தட்டினால் தேடல் பெட்டி வரும். கட்டளையின் பெயரில் முதல் சில எழுத்துகளை அடித்து என்டர் தட்டலாம். அல்லது எடிட் மெனுவில் உள்ள குறுக்குவிசைப் பலகையில் கண்ட்ரோல் + எம்மை நீங்களே கர்வ்ஸுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவதை இன்றே செய்யுங்கள். அது செய்த பிறகு கிம்ப் இந்த வேலையில் ஃபோட்டோஷாப்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல் இத்தகைய திருத்தங்களைப் பிறகும் மாற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கலாம் என்பதும் சேர்ந்தால், மாதச் சந்தா கட்ட முடியாத ஒருவருக்கு இதை நம்பிக் கொடுக்கலாம். விசைகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஃபோட்டோஷாப்தான் மேல்.

ஃபோட்டோஷாப்பிலும் ஒரு பொறி உண்டு. ஒரே கடையில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இருந்தால் அது கடிக்கும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் இரண்டை மாற்றினார்கள். அதற்கு முன் கண்ட்ரோல் + இசட் ஒரு படி பின்னே போய், மறுபடி அழுத்தினால் முன்னே வரும். தொடர்ந்து பின்னே போக ஆல்ட்டையும் சேர்க்க வேண்டும். இப்போது கண்ட்ரோல் + இசட் அழுத்த அழுத்தப் பின்னே போய்க்கொண்டே இருக்கும். அடுத்தது, கண்ட்ரோல் + டீ அழுத்தி அளவு மாற்றும்போது ஷிப்ட்டின் பொருள் தலைகீழானது. பழையதில் ஷிப்ட்டைப் பிடித்தால்தான் விகிதம் காக்கும். புதியதில் பிடிக்காவிட்டால் காக்கும், பிடித்தால் முகம் இழுபடும். தெருமுனைப் பிளெக்ஸ்களில் தலைவர்களும் மணமக்களும் அகலமாகவோ ஒடுக்கமாகவோ நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதிய பதிப்பில் பழைய முறைக்குத் திரும்பும் தேர்வு இரண்டுக்குமே இருக்கிறது. கடையின் எல்லாக் கணினிகளிலும் ஏதாவது ஒரே முறையாக வைத்துவிடுங்கள்.

பத்திரிகையும் டைல்ஸும்: கோரல் டிராவா, இங்க்ஸ்கேப்பா?

1989-இல் வந்த கோரல் டிரா நம் பக்கத்து அச்சுத் தொழிலில் வேரூன்றியிருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஒற்றை எழுத்து வரிசைப்படுத்தல். சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து எல் அழுத்தினால் இடப்பக்கம் சேரும், ஆர் அழுத்தினால் வலப்பக்கம், டீ மேல்விளிம்பு, கீழ்வரிசை பி கீழ்விளிம்பு. சி, இ இரண்டும் நடுவில் நேராக நிறுத்தும். கடைசியாகத் தேர்ந்தெடுத்த பொருள் நிற்கும் இடத்துக்கு மற்றவை வரும். மேல்வரிசை பி அழுத்தினால் பக்கத்தின் நட்டநடுவில் போய் உட்காரும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படத்தை அழைப்பிதழின் உச்சியில் நடுவாக வைப்பது முதல், விழாக் குழுவினரின் படங்களைப் பிளெக்ஸில் ஒரே கோட்டில் நிறுத்துவது வரை இதற்கு ஈடாக வேறெந்த மென்பொருளிலும் இவ்வளவு சுருக்கமான வழியை நான் பார்க்கவில்லை. இங்க்ஸ்கேப்பில் வழக்கமான வழி, கண்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அழுத்திப் பலகையைத் திறந்து பொத்தான்களைச் சொடுக்குவது.

கருவிகளை எடுக்கும் விசைகளில் நிலைமை மாறுகிறது. கோரல் டிராவில் எஃப்6 கட்டம், எஃப்7 வட்டம், எஃப்8 எழுத்து, எஃப்10 வடிவம் திருத்தும் கருவி, எஃப்11 நிறக்கலவை, எஃப்12 வெளிக்கோடு. எஃப்10 முதல் எஃப்12 வரை இடக்கைக்கு எட்டாது. மடிக்கணினியில் இன்னும் சிரமம்: எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் பலவற்றில் அவை வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒலி கூடும் அல்லது திரை மங்கும். கணினியின் அமைப்பில் போய் எஃப் விசைகளை நேரடியாக இயங்கும்படி மாற்றிவிட்டுத்தான் கோரல் டிராவைத் திறக்க வேண்டும். இங்க்ஸ்கேப் எழுத்துகளையே வைத்துக்கொண்டது: எஸ் தேர்வு, ஆர் கட்டம், இ வட்டம், டீ எழுத்து, கீழ்வரிசை பி வளைகோடு. எல்லாம் இடக்கை விரல்களுக்கு அடியில். 3 தேர்ந்ததைப் பெரிதாக்கும், 4 வரைந்த எல்லாவற்றையும் காட்டும், 5 முழுப் பக்கம். கையின் வசதியை மட்டும் பார்த்தால் இங்க்ஸ்கேப்பின் அடுக்கு சிறந்தது. கோரல் டிராவில் இதற்கு ஈடுசெய்யும் ஒன்று ஸ்பேஸ் பார்: தட்டினால் தேர்வுக் கருவி, மறுபடி தட்டினால் முன்பிருந்த கருவி.

ஆத்தங்குடி டைல்ஸ் வடிவங்களை வரையும்போது இரண்டின் குணமும் நன்றாகத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறக்கலவையை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது. ஒரு கல்லின் கால் பகுதியை வரைந்தால் மற்ற மூன்றையும் திருப்பிப் பெறலாம். நான்கு கற்கள் சேர்ந்தால் பெரிய பூ விரியும். இங்க்ஸ்கேப்பில் எச் இடவலமாகவும் வி மேல்கீழாகவும் புரட்டும். கண்ட்ரோலோடு சதுர அடைப்பை அழுத்தினால் 90 பாகை திரும்பும். ஆல்ட் + டி அழுத்தினால் குளோன். மூலத்தில் ஓர் இதழை மாற்றினால் எல்லா நகல்களிலும் அது மாறும். எடிட் மெனுவில் குளோன்களைக் கட்டங்களாக அடுக்கும் பலகை இருக்கிறது. தளத்தை நிரப்பக்கூடிய 17 வகைச் சமச்சீர்களையும் அது அறியும். பட்டாலைத் தரை முழுவதும் அந்த வடிவம் பரவினால் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரருக்கு அங்கேயே காட்டிவிடலாம். நிறத்தை மாற்றச் சொன்னால் ஒரு கல்லில் மாற்றினால் போதும்.

கோரல் டிராவில் பொருளின் கைப்பிடியைக் கண்ட்ரோலைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தால் கண்ணாடிப் பிம்பம். இழுக்கும்போதே வலப்பொத்தானைத் தட்டினால் மூலம் அப்படியே இருந்து நகல் விழும். பிறகு கண்ட்ரோல் + ஆர் அழுத்த அழுத்த அதே செயல் தொடரும். கண்டாங்கிச் சேலைக் கட்டங்களையோ பத்திரிகையின் ஓரக் கரையையோ போட இது மிக விரைவு. இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட்டோடு இழுத்து நகலெடுத்து, கண்ட்ரோல் + டி-யைத் தொடர்ந்து தட்டுவது இதற்குச் சமம். விரைவில் கோரல் டிரா. பின்னால் திருத்துவதில் இங்க்ஸ்கேப்.

எழுத்தைக் கர்வ் ஆக்குவதை முன்பே சொன்னேன். கோரல் டிராவில் கண்ட்ரோல் + க்யூ, இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + ஷிப்ட் + சி, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஓ. நம் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாவிட்டால் தமிழ் எழுத்து சிதறிவிடும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. கர்வ் ஆக்கும் முன் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆன பெயரில் ஒரு புள்ளியைக்கூட அடித்துத் திருத்த முடியாது. அச்சுக்குப் போகும் வேலையில் இங்க்ஸ்கேப்புக்கு ஒரு பின்னடைவு: அது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல (ஆர்ஜிபி) நிறங்களில் வேலை செய்வது, ஆஃப்செட்டுக்கு வேண்டிய நான்கு நிறப் பிரிப்பை நேரடியாகத் தருவதில்லை. அதனால் பத்திரிகை என்றால் கோரல் டிரா. டைல்ஸ், கோலம், பூவேலை வடிவங்கள் என்றால் இங்க்ஸ்கேப் என்பது என் முடிவு.

தமிழ் அடிக்கும்போது என்ன ஆகிறது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறுக்குவிசைப் பட்டியல்கள் எதிலும் இது இருக்காது. நமக்கு இதுதான் தினசரித் தலைவலி. தமிழ் 99 விசைப்பலகையை இயக்கிப் பெயர்களை அடிக்கிறோம். அடித்து முடித்து எழுத்துக் கருவியைவிட்டு வெளியே வந்து, பிரஷ்ஷுக்காகக் கீழ்வரிசை பி-யைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. அந்த விசை இப்போது ‘ங’. ஜே ‘ப’ ஆகியிருக்கிறது. பிரஷ் அளவுக்கான இடது அடைப்பு ‘ச’, வலது அடைப்பு ‘ஞ’. கண்ட்ரோல் சேர்ந்த விசைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தனி எழுத்துகளும் குறியீடுகளும்தான் தடுமாறும். இதில் ஃபோட்டோஷாப்பின் பலமே அதன் பலவீனமாகிறது, ஏனென்றால் அதன் வேகம் முழுவதும் தனி எழுத்துகளில் இருக்கிறது. எஃப் விசைகளை நம்பியிருக்கும் கோரல் டிரா இங்கே தப்பித்துக்கொள்கிறது: எஃப்8-க்கு மொழி கிடையாது.

நகரத்தார் அழைப்பிதழ்களில் இந்தச் சிக்கல் இரட்டிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் விலாசமாக வரிசையாக முன்னெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. வெளிநாட்டு உறவினருக்காக ஆங்கிலப் பக்கமும் வைப்பார்கள். ஒரே அழைப்பிதழில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஓயாமல் மாற வேண்டும். விண்டோஸில் மொழி மாற்ற இரண்டு வழிகள் இயல்பாக இருக்கின்றன: விண்டோஸ் விசை + ஸ்பேஸ், இடது ஆல்ட் + ஷிப்ட். இரண்டாவதுதான் வில்லன். ஃபோட்டோஷாப்பில் நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும் கட்டளைகளில் ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஏற்றுமதிக்காகக் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + டபிள்யூ அழுத்தப் போய், விரல் முன்பின்னாக விழுந்தால் மொழி மாறிவிடும். அடுத்த நிமிடம் எந்தக் கருவியும் எடுபடாது. மென்பொருள் கெட்டுப்போனதாகவே தோன்றும்.

தீர்வு எளிது. விண்டோஸ் அமைப்பில் நேரம்-மொழி, அதற்குள் தட்டச்சு, அதற்குள் மேம்பட்ட கீபோர்டு அமைப்பு என்று போனால், உள்ளீட்டு மொழி மாற்றும் விசைகளுக்கான சிறு பலகை இருக்கும். அதில் ஆல்ட் + ஷிப்ட்டையும் கண்ட்ரோல் + ஷிப்ட்டையும் ‘எதுவும் ஒதுக்கவில்லை’ என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் + ஸ்பேஸ் மட்டும் போதும். இந்த ஒரு மாற்றம் எந்தப் புதிய விசையைக் கற்பதைவிடவும் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன் மேல் தமிழ் முகத்தைக் காட்டுகிறது. விசைகள் எப்போதும் வேலை செய்யும். ஆனாலும் யூனிகோடின் பக்கமே நிற்பேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்ப்பட்டியலை அப்படியே ஒட்டலாம், மறுபடி அடிக்கும்போது வரும் எழுத்துப்பிழை கிடையாது. முந்நூறு பேருக்குப் போகும் பத்திரிகையில் ஒரு பெயர் தவறினால் அந்தக் குடும்பத்தில் எழும் மனத்தாங்கல் சிறியதா? கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் யூனிகோட் தமிழைத் தாமாகவே சரியாகக் காட்டுகின்றன. ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டை இயக்க வேண்டும்.

விசைகளை மாற்றிக்கொள்ளலாமா?

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்கு இரு வழிகள்: புதிய விசைகளைக் கற்பது, அல்லது புதிய மென்பொருளைப் பழைய விசைகளுக்கு வளைப்பது. இங்க்ஸ்கேப் இதில் பெருந்தன்மையோடு நடந்துகொள்கிறது. விருப்ப அமைப்பில் இல்லஸ்ட்ரேட்டர் அடுக்கும் கோரல் டிரா அடுக்கும் தயாராகவே இருக்கின்றன. கிம்ப்புக்கு ஃபோட்டோகிம்ப் என்ற இலவச இணைப்பு கிடைக்கிறது. விசைகளையும் பலகைகளின் இடத்தையும் ஃபோட்டோஷாப்பை ஒத்ததாக மாற்றிவிடும். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + கே அழுத்தினால் எல்லா விசைகளையும் மாற்றும் பலகை திறக்கும்.

கை ஏற்கெனவே பழகிய டிசைனருக்கு வளைப்பதே சரி. புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தந்த மென்பொருளின் சொந்த விசைகளையே சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளை அவர்கள் சிவகாசியிலோ மதுரையிலோ வேறொரு மேசையில் உட்காரும்போது அங்கே இருப்பது இயல்பான அடுக்குதான். ஒரே கணினியில் இரண்டு பேர் வேலை செய்யும் கடையிலும் மாற்றாதீர்கள். ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியாமல் சண்டையாகிவிடும்.

ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லாத, ஆனால் அதன் விசைகளைப் பழக விரும்பும் மாணவர்களுக்கு ஃபோட்டோபீ நல்ல வழி. உலாவியிலேயே ஓடும், லேயர்கள் உள்ள ஃபோட்டோஷாப் கோப்பைத் திறக்கும், படம் நம் கணினியைவிட்டு வெளியே போவதும் இல்லை. விசைகள் ஏறத்தாழ ஃபோட்டோஷாப்பினுடையவையே. கண்ட்ரோல் + டீ மட்டும் உலாவியில் புதிய தாவலைத் திறக்கும் விசை என்பதால், அளவு மாற்ற ஆல்ட் + கண்ட்ரோல் + டீ அழுத்த வேண்டும். கண்ட்ரோல் + டபிள்யூ பக்கம் விரலே போகக்கூடாது; ஃபோட்டோஷாப்பில் கோப்பை மூடும் அந்த விசை, இங்கே உலாவித் தாவலையே மூடிவிடும்.

விசைகளை மாற்றியவர்கள் அந்த அமைப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பில் விசைப் பலகையிலேயே சேமிக்கும் பொத்தான் உண்டு. கோரல் டிராவில் பணிச்சூழலை ஏற்றுமதி செய்யலாம். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தங்கள் அமைப்புக் கோப்புறையில் சிறு கோப்பாக வைத்திருக்கின்றன. அந்தக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தால், கணினியை பார்மட் செய்த அன்றே பழைய வேகத்தில் வேலையைத் தொடங்கலாம்.